இட்லி அரிசியில் ஜப்பான் ஃப்ளாப்பி

சென்ற புதன்கிழமை காலை, சாதக பாதகங்களை முழுமையாக ஆராய்ந்த பின், உன் ஃப்ளாப்பிகளைச் சாப்பாட்டு அரிசி டிரம்மிலிருந்து இட்லி அரிசி டிரம்முக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வீட்டில் அப்போது நான் ஒருவன்தான் இருந்தேன். சாப்பாட்டு அரிசியைத் தினமும் திறக்கிறோம், ஒவ்வொரு முறையும் கடல் காற்று உள்ளே போகிறது. இட்லி அரிசியை வாரத்துக்கு ஒரு முறைதான் திறக்கிறோம். இவ்வளவு தெளிவான காரணத்தோடு நான் பணியிலிருந்த காலத்தில் ஒரு கோப்பும் நகர்ந்ததாக நினைவில்லை.

முழங்கை வரை கையை அரிசிக்குள் விட்டு ஃப்ளாப்பிகளை எடுத்தேன். தவிடு, காய்ந்த வேப்பிலை, அதற்கடியில் பழைய பிளாஸ்டிக்கின் லேசான கசப்பு. உன் வீட்டுக்குள் நுழைந்ததும் வரும் அதே வாசனை. அந்த வாசனையில் நீ இருந்தாய் என்று எழுதினால் சிரிப்பாய். அந்த வாசனை இருந்தால் வண்டு வராது என்பதற்கு மேல் நீ அதைப் பற்றிச் சொன்னதில்லை.

டிரம்மை மூடுவதற்குள் போன் அடித்தது. உன் மைத்துனர் தனசேகர்.

"சார், மிஷின் எயுந்துக்கல. மாமா போட்டுக் குடுத்ததுல கடசி ஃப்ளாப்பியும் போச்சு. ரெண்டு நாளா எல்லாரும் சும்மா குந்திகினு கீறாங்க. உங்களால போட முடியுமா?"

கையிலிருந்ததை எண்ணினேன். வெற்று ஃப்ளாப்பி மூன்று இருந்தது.

நாம் இருவரும் டவுன்ஷிப் அலுவலகத்தில் ஒரே மாடியில் வேலை பார்த்தவர்கள். நீ கருவிப் பிரிவு, நான் கோப்புப் பிரிவு. அளப்பது உன் வேலை. அளந்தாயிற்று என்று எழுதி வைப்பது என் வேலை. நீ திருப்போரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், நான் பிழைக்க வந்த தெற்கத்திக்காரன். ஓய்வு பெற்ற பின் நீ சதுரங்கப்பட்டினத்தில் வீடு கட்டினாய். சில தெருக்கள் தள்ளி நானும் கட்டினேன். கடல் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைத்தான் அதிகம் பார்த்தேன்.

ஒருநாள் செங்கல்பட்டில் ஒரு காயலான் கடையில், உடைந்த மின்விசிறிகளுக்கு நடுவே அந்தக் கணினிப் பெட்டியைக் கண்டுபிடித்தாய். பழுப்பேறிய வெள்ளை நிறம், முன்பக்கம் இரண்டு ஃப்ளாப்பி வாய், மேலே ஜப்பானிய எழுத்து. ஏதோ தொழிற்சாலை தூக்கிப்போட்டது. நீ அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாய். பக்கத்து சீட்டுக்காரர் மைக்ரோவேவா என்று கேட்டாராம். "இல்லீங்க, இதுல எதுவும் வேவாது" என்றாயாம்.

பெட்டி உயிரோடுதான் இருந்தது. சுவிட்சைப் போட்டால் 'பீ-போ' என்று இரண்டு சுரம் பாடிவிட்டு, திரையில் ஒரு வெள்ளைக் கட்டத்தைச் சிமிட்டிக்கொண்டு காத்திருந்தது. ஃப்ளாப்பி கொடு என்று பொருள். கொடுக்க நம்மிடம் இல்லை. அந்தக் கணினிக்கான ஃப்ளாப்பிகள் எல்லாம் ஜப்பானில் யாரோ ஒருவரின் பரணில் பூஞ்சை பிடித்துக்கொண்டிருந்தன.

அதற்கும் உலகில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஒரு ஃப்ளாப்பி செத்துப்போவதற்கு முன் அதிலிருக்கும் அத்தனையையும், வெற்றிடம் உட்பட, வரிசை மாறாமல் ஒரே கோப்பாக எடுத்துவைத்துவிடுகிறார்கள். அதற்கு இமேஜ் என்று பெயர். பெயர் தெரியாத யாரோ ஒருவர் எடுத்து வைத்ததை நீ சதுரங்கப்பட்டினத்தில் இணையத்திலிருந்து இறக்கி, வேறொரு ஃப்ளாப்பியில் எழுதுவாய். பழைய ஃப்ளாப்பிக்கும் இதற்கும் கணினியால் வித்தியாசம் சொல்ல முடியாது.

"அப்ப எது அசல்?" என்று கேட்டேன். கோப்புப் பிரிவின் கேள்வி அது. அசலா நகலா என்று கேட்டே முப்பது வருடம் சம்பளம் வாங்கியவன் நான்.

"அண்ணாத்த, கோயில்ல மூலவர் இன்னா பண்றாரு? எடத்த வுட்டு அசையறதில்ல. தேர்ல வர்றது உற்சவர். இமேஜ்தான் மூலவர். ஃப்ளாப்பி உற்சவர். வெயில்ல போவும், மழையில நனையும், தேஞ்சா வேற பண்ணிக்கலாம்."

"அப்ப இரண்டு பேருமே சாமிதானா?"

"கும்புடுறவன் ரெண்டு பேரையும்தான கும்புடறான்?"

எழுதுவதும் சுலபமில்லை. நம் ஊர் டிரைவில் தட்டு நிமிடத்துக்கு முந்நூறு சுற்று சுற்றும். ஜப்பான்காரர்கள் அதே தட்டை முந்நூற்று அறுபது சுற்று ஓட்டினார்கள். ஏன் என்று கேட்டதற்கு, "அவுங்களுக்கு வேலை கீது. நமக்கு இன்னா அவசரம்?" என்றாய். இரண்டு வேகமும் ஓடும் கறுப்பு டிரைவ் ஒன்று ஜப்பானிலிருந்து பார்சலில் வந்தது. சுற்றியிருந்த செய்தித்தாளைக்கூட நீ இஸ்திரி போட்டு வைத்தாய்.

முதல் நாள், ஏதோ ஒரு ஜப்பான் கதை விளையாட்டை, என் முன்னால்தான் போட்டாய். 'பீ-போ'. டிரைவ் மெல்ல முனகியது. திரையில் மேலிருந்து கீழாக, கோலம் போடுவதைப் போல வரிவரியாக, ஒரு ஊர் வந்தது. மாலை நேரம். மின்கம்பங்கள், ஒரு ரயில் கேட், குடையோடு ஒரு பெண். மொத்தம் பதினாறே வண்ணம். ஆனால் அந்த வானத்தில் மழை நின்று எவ்வளவு நேரமாகிறது என்று சொல்ல முடிந்தது. அவள் ஏதோ சொன்னாள். கீழே எழுத்து ஓடியது. நமக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. திரும்பிப் பார்த்தால் நீயும் நின்றுகொண்டிருந்தாய்.

காபி கொண்டுவந்த உன் மனைவி கஸ்தூரி திரையைப் பார்த்தாள். "யாரு இவ?"

"தெரியல" என்றாய்.

"தெரியாதவளுக்கா ரெண்டு பேரும் எயுந்து நிக்கிறீங்க?"

உப்புக்காற்றில் ஃப்ளாப்பிக்குள் வெண்பூஞ்சை வரும் என்பதால் அவற்றை அரிசிக்குள் புதைக்க ஆரம்பித்தவனும் நீதான். கஸ்தூரி அதை ஊரெல்லாம் சொன்னாள். "அரிசி அளக்கசொல்ல ஒண்ணு ஆழாக்கோட வந்து உலையில வுயுந்துச்சுக்கா. வெந்தே போச்சு. எடுத்துத் தொடச்சிட்டு, ஐயோ சிட்டி போச்சேன்றாரு. எந்த சிட்டின்னு நான் கேக்கல." அதில் இருந்தது நகரம் கட்டும் ஒரு விளையாட்டு. இதைச் சொல்லி அவள் சிரித்தாலும், அடுத்த முறை அளப்பதற்கு முன் கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள் என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

இந்த விளையாட்டு விளையாட்டாகவே முடிந்திருக்கும், தனசேகரின் பட்டறையில் ஆயுத பூஜை கொண்டாடாமல் இருந்திருந்தால்.

மறைமலைநகரில் அவருடையது ஸ்பிரிங் செய்யும் சின்னப் பட்டறை. செய்த ஸ்பிரிங் ஒவ்வொன்றையும் ஒரு ஜப்பான் மிஷின் அமுக்கிப் பார்த்து, தேறும், தேறாது என்று பிரிக்கும். அது தேறும் என்று அறிக்கை அச்சடித்தால்தான் பெரிய தொழிற்சாலை சரக்கை எடுத்துக்கொள்ளும். அந்த மிஷினின் மூளை, உன் காயலான் கடைப் பெட்டியின் உடன்பிறப்பு. தினமும் காலையில் ஒரு ஃப்ளாப்பியைத் தின்றுதான் எழுந்திருக்கும். இருந்ததே அந்த ஒரு ஃப்ளாப்பிதான்.

விஜயதசமி அன்று காலை தனசேகர் எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு வந்தார். உள்ளே, வாழை இலைத் துண்டின் மேல், ஃப்ளாப்பி. நெற்றி முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"பூஜையில எல்லாத்துக்கும் பொட்டு வெச்சோம் மாமா. லேத்து, டிரில்லு, வேனு, அப்புறம் இது. வருசா வருசம் மேலாக்கதான் வெப்போம். இந்த வாட்டி நம்ப பையன் ஒர்த்தன் அந்தத் தகரக் கதவத் தள்ளிப் பாத்துக்கிறான். உள்ள கறுப்பா ஒரு தட்டு. மிஷினு உசுரே இதுலதான் கீதுன்னு அங்கயும் சந்தனம் தடவி ஒரு பொட்டு வெச்சிட்டான். இன்னைக்குப் போட்டா கரகரன்னுது."

நீ கத்துவாய் என்று நான் எதிர்பார்த்தேன். நீ அந்தத் தகரக் கதவைத் தள்ளி வெகுநேரம் பார்த்தாய்.

"சரியான எடத்துலதான் வெச்சிக்கிறான்" என்றாய்.

பெரிய தொழிற்சாலை நான்கு நாள் அவகாசம் கொடுத்திருந்தது. அதற்குள் அறிக்கையோடு சரக்கு போகாவிட்டால் ஆர்டர் வேறு பட்டறைக்குப் போகும். அந்த ஒரு ஆர்டரில்தான் அங்கே அத்தனை பேரும் வேலை பார்த்தார்கள். தனசேகர் ஜப்பானுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அந்த மிஷினை விற்பதை எப்போதோ நிறுத்திவிட்டதாகவும், அது இன்னும் ஓடுவது அறிந்து மிக்க மகிழ்ச்சி என்றும் பதில் வந்திருந்தது.

பிறகு நீ செய்ததை நான் பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். ஃப்ளாப்பியின் ஓட்டைப் பிளந்து தட்டை வெளியே எடுத்தாய். இன்வெர்ட்டருக்கு வாங்கிவைத்த டிஸ்டில்டு வாட்டரில், பேத்தியின் ஷாம்பூ ஒரு சொட்டு விட்டு, அதைக் கழுவினாய். விரல் நுனியால், குழந்தையின் காதைக் கழுவுவதைப் போல. தண்ணீர் சிவந்தது. வலைத் தட்டில் போட்டு நிழலில் உலர்த்தினாய்.

"அப்பளமா?" என்றாள் கஸ்தூரி.

"உன் தம்பி வூட்டு அப்பளம்" என்றாய்.

உலர்ந்த தட்டை ஒரு புது ஓட்டுக்குள் வைத்துப் படிக்க ஆரம்பித்தாய். குங்குமம் கீறிய இடங்களில் டிரைவ் திணறியது. நீ திரும்பத் திரும்பப் படிக்கவைத்தாய். ஒரே தடத்தை, பத்து முறை, முப்பது முறை. ஒவ்வொரு முறையும் வேறொரு துண்டு கிடைத்தது. திரையில் சிவப்பாக இருந்த கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. நான் எத்தனையோ வருடம் மனிதர்களிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஒரு முறைகூட இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. மூன்றாம் நாள் மதியம் ஒரே ஒரு சிவப்புக் கட்டம் மிச்சம். அது மட்டும் மசியவில்லை. பொட்டின் நட்டநடு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முன்னும் பின்னும் இருந்ததைப் பார்த்து நீ கண்டுபிடித்தாய். அதில் கணக்கு எதுவும் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து அறிக்கை அச்சான பிறகு மிஷின் காட்டும் ஒரு வரி மட்டும். தனசேகரைப் போனில் கேட்டாய்.

"ஆமா மாமா, ஜப்பான்ல ஏதோ வரும். இன்னான்னு யாருக்கும் தெரியாது. ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவோம்."

காலியாக விட்டாலும் ஓடும் என்று நான் சொன்னேன். நீ கேட்கவில்லை.

"அண்ணாத்த, எவனோ ஒர்த்தன் அங்க குந்திகினு நாள் முடியசொல்ல ஒரு வார்த்த சொல்லணும்னு எயுதிக்கிறான். அத காலியா வுட்டா நல்லாவா கீது?"

"சரி, நன்றி என்று போடு."

"இன்னாத்துக்கு நன்றி?"

"நன்றி, வணக்கம்."

"அது மீட்டிங்க முடிக்கிறதுக்கு. வேலை செஞ்சவன் வூட்டுக்குப் போறான். போறவன்கிட்ட இன்னா சொல்லுவோம்?"

இடம் அளந்து பார்த்தாய். ஜப்பானிய எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு இடம் எடுத்துக்கொள்ளும்; ஏழு எழுத்து இருந்திருக்கிறது; ஆகவே பதினான்கு இடம். அந்தக் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்து தெரியும். ஒரு விரலால் தட்டினாய்.

POYITTU VAANGA

நடுவிலிருந்த வெற்றிடத்தையும் சேர்த்து நான் எண்ணினேன். பதினான்கு. ஒரு இடம் கூடவில்லை, குறையவில்லை. அன்று காபியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எண்ணினேன்.

எழுதிக் கொடுத்தாய், மிஷின் எழுந்தது, சரக்கு போனது. பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாய், தினமும் ஓடும் ஃப்ளாப்பி தேயும் என்பதால். பூஜைக்கென்று தனியாக ஒன்று கொடுத்து, "பொட்டு எல்லாம் இதுக்கு மட்டும்" என்று சொல்லி அனுப்பினாய். ஒவ்வொரு முறை எழுதும்போதும் நான் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்தேன். இந்த வேலையில் என் முழுத் தகுதி அதுதான்.

நீ போய் ஒரு மழைக்காலம் ஆகிறது. காரியம் முடிந்த அன்று கஸ்தூரி உன் கறுப்பு டிரைவையும், லேப்டாப்பையும், மிச்சமிருந்த ஃப்ளாப்பிகளையும் ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள். தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். துக்க வீட்டில் கிளம்பும்போது வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அவர்களும் வாங்க என்று சொல்ல மாட்டார்கள். முறைப்படி ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன். இத்தனை வருடத்தில் உன் வீட்டு வாசலை அப்படித் தாண்டியது அதுவே முதல் தடவை.

தனசேகரிடம், போட்டுப் பார்க்கிறேன் என்று சொன்னேன். புதன்கிழமை முழுதும் அதில் போனது. முதல் ஃப்ளாப்பியின் கதவைத் தள்ளினால் வெள்ளைப் புள்ளிகள். அரிசியையும் மீறிப் பூஞ்சை. அதைப் போட்டால் டிரைவே கெடும் என்று நீ சொன்னது நினைவிருந்தது, ஒதுக்கினேன். இரண்டாவதில் எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்தபோது கடைசித் தடங்களில் சிவப்பு. மூன்றாவதை எடுத்து டிரைவில் போட்டேன். காபி குடிக்க மறந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

டக். டக். டக். உள்ளே எழுதும் தலை ஒரு தடத்திலிருந்து அடுத்த தடத்துக்கு நகர்ந்தது. எழுதுவதற்கு முன்பும் அது கறுப்புத் தட்டு, எழுதிய பின்பும் அதே கறுப்புத் தட்டு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த டக்குகளுக்கு இடையே ஒரு பட்டறையின் காலை நேரம் முழுதும் இறங்கிக்கொண்டிருந்தது. இதைச் செய்தவன் நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் செய்தது ஒரு பொத்தானை அழுத்தியது. சரிபார்த்தேன். எல்லாம் பச்சை. நம்பாமல் மறுபடி பார்த்தேன். அப்போதும் பச்சை.

வியாழக்கிழமை அதைச் சட்டைப் பையில் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டு, பஸ் மாறி மறைமலைநகர் போனேன். பட்டறையில் எல்லாரும் மிஷினைச் சுற்றி நின்றார்கள். ஃப்ளாப்பியைத் தள்ளினேன். 'பீ-போ'. முனகல். திரையில் வேலைப் பட்டியல் வந்தது. யாரோ விசில் அடித்தார்கள். தனசேகர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா இருந்தா..." என்று ஆரம்பித்து, ஸ்பிரிங் எடுத்து வரச் சொல்லி யாரையோ திட்டினார்.

மாலை வரை இருந்தேன். பட்டறை மூடும் நேரத்தில் நான் அங்கே இருந்தது இதுவே முதல் முறை. அறிக்கை அச்சாகத் தொடங்கியது. ஊசி அச்சுப்பொறி, மெதுவாகத்தான் அடிக்கும். கையைக் கழுவிவிட்டு, சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு, ஆட்கள் வாசலுக்குப் போகவில்லை. மிஷின் முன்னால் வந்து நின்றார்கள்.

"அது வருமா சார்?" என்று ஒருவர் கேட்டார். லேத் ஓட்டும் குமரன் என்று தனசேகர் பிறகு சொன்னார்.

"எது?"

"புது ஃப்ளாப்பி ஆச்சே. மூணு நாளா அது சொல்லாமயே வூட்டுக்குப் போனோம். ஒரு மாதிரி பேஜாராக்கீது சார். வந்துகினு போறவன ஒண்ணும் சொல்லாம அனுப்புனா மாதிரி."

அச்சு நின்றது. திரை ஒரு கணம் இருண்டது. என் வாழ்க்கையில் எந்தத் தேர்வு முடிவுக்கும் நான் அப்படி நின்றதில்லை. பிறகு, கறுப்பில் வெள்ளையாக, பதினான்கு இடத்தில், அது வந்தது.

"வர்றோம்ணா" என்றார் குமரன் திரையைப் பார்த்து. பின்னாலிருந்தவர்களும் சொன்னார்கள். ஒருவர் டிபன் டப்பாவை மாற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னார், இன்னொருவர் போனில் பேசிக்கொண்டே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் உருகவில்லை. வீட்டில் ஒருவரிடம் சொல்வதைப் போலத்தான் சொன்னார்கள். நானும் சொன்னேன். போன மழைக்காலத்தில் உன் வாசலில் சொல்லக்கூடாது என்று விழுங்கியது, எந்த முறையையும் மீறாமல், ஒரு ஸ்பிரிங் பட்டறையில் வெளியே வந்தது.

இமேஜ் இப்போது என்னிடம் இருக்கிறது. பென்டிரைவில், வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில். நீ கடிதம் எழுதிக்கொண்டிருந்த, அந்தக் கறுப்பு டிரைவை அனுப்பிய ஜப்பான்காரருக்கு, வெற்று ஃப்ளாப்பி இன்னும் சில வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். உன் செய்தியைச் சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு பெட்டி ஃப்ளாப்பி அனுப்பிவிட்டார்.

பட்டறை வேன் ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். அறிக்கை முழுதும் அச்சாகி அந்த வரி வரும் வரை யாரும் ஏறுவதில்லை என்பதால், சில வருடங்களாகவே அது ஆறே காலுக்குத்தான் கிளம்புகிறது. செங்கல்பட்டில் ஆறரை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் அடுத்த ரயிலில் போகிறார்கள்.